கோழிப் பேன், செள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் பூச்சித் தொல்லை வந்தவுடன் கேட்பது மருந்தின் பெயரைத்தான். நான் திருப்பிக் கேட்பது இதை: அந்தப் பூச்சி குடியிருப்பது கோழி மேலா, கூட்டிலா? இது தெரியாமல் அடிக்கிற மருந்து பெரும்பாலும் வீணாகப் போகிறது. அதனால் கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருவேன்.

பேனும் செள்ளும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு வேறு. பேன் ஆறு கால் பூச்சி. வைக்கோல் நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். இறகை விலக்கி வெளிச்சம் பட்டவுடன் தோல் மேல் விறுவிறுவென்று ஓடும். பிறப்பதும் முட்டையிடுவதும் சாவதும் கோழி மேலேயே. அதற்கு மெல்லும் வாய். இறகையும் தோலில் உதிரும் செதிலையும் தின்று பிழைக்கும். உடல் பேன் என்கிற வகை முளைத்து வரும் இளம் இறகைக் கடித்து, அதில் கசியும் ரத்தத்தையும் குடிக்கும்.

செள்ளுக்கு எட்டுக் கால். சிலந்தி, உண்ணி இவற்றின் இனம். புத்தகங்களில் சிற்றுண்ணி என்று போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, நகரும் புள்ளி மாதிரி தெரியும். இதில் கோழி வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்று வகை. சிவப்புச் செள் கூட்டில் குடியிருந்து, இரவில் மட்டும் கோழி மேல் ஏறி ரத்தம் குடிக்கும். இறகுச் செள் இரவும் பகலும் கோழி மேலேயே இருந்து ரத்தம் குடிக்கும். கால் செள் காலில் செதிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கண்ணால் பார்க்கவே முடியாது, அது செய்யும் கோலத்தைத்தான் பார்க்கலாம்.

என் கோழிக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கோழியை மடியில் வைத்து இறக்கையை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் எச்சத் துவாரத்தைச் சுற்றி. அங்குதான் சூடும் ஈரமும் அதிகம். இறகைத் தோல்வரை பிரித்துப் பாருங்கள். அப்புறம் இறக்கைக்கு அடியில், நெஞ்சுப் பக்கம், கழுத்து, தலை.

இறகின் அடித்தண்டில் வெள்ளையாக, சர்க்கரை ஒட்டிக் கட்டிபட்டது போலத் தெரிந்தால் அது பேனின் ஈர். எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு கருத்து, எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் சேர்ந்தது போல இருந்தால் இறகுச் செள். கோழியைப் பிடித்த உங்கள் கையிலேயே புள்ளி புள்ளியாக ஏறுவதும் அதுதான். கால் செதில்கள் தட்டையாகப் படியாமல் தூக்கிக்கொண்டு, நடுவே சுண்ணாம்பு மாதிரி பொருக்கு கட்டியிருந்தால் கால் செள்.

கோழி ஓயாமல் சொறிந்துகொள்வது, இறகு கலைந்து கிடப்பது, முட்டை குறைவது, கொண்டை வெளுப்பது எல்லாம் எல்லா வகைக்கும் பொதுவான அறிகுறிகள். இறகு உதிர்க்கும் பருவத்திலும் சில கோழிகள் இதே கோலத்தில் நிற்கும். அதனால் அறிகுறியை வைத்து முடிவு செய்யாமல், கையில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பகலில் நன்றாகப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. ஆனால் கோழி இளைத்துக்கொண்டே போகிறது. ஏன்?

இரவில் பாருங்கள். கோழி அடைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு போய் அடையும் கம்பின் அடிப்பக்கத்தையும், கம்பு சட்டத்தில் பொருந்தும் மூலையையும் பாருங்கள். வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கம்பின் அடியில் அழுத்தித் தேயுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் சிவப்புச் செள் இருக்கிறது. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்து முடித்ததும் சிவப்பு. பகலில் கம்பு முனையிலும் பலகை இடுக்கிலும் உப்பும் மிளகுத்தூளும் கலந்து சிந்தியது போல ஒரு பொடி தெரியும். அது அவற்றின் உரிந்த தோலும் எச்சமும்.

வேறு சில குறிப்புகளும் உண்டு. சாயங்காலம் கூட்டுக்குள் போகக் கோழி மறுக்கும், வாசலிலேயே நிற்கும். முட்டையிடும் பெட்டியை விட்டுவிட்டுப் புதரில் போய் முட்டையிடும். முட்டை ஓட்டில் பொடிப் பொடியாக ரத்தப் புள்ளி இருக்கும். அது முட்டைக்கு அடியில் நசுங்கிய செள்.

என் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருந்தபோது கொண்டை வெளுத்தது. பகலில் இறகை விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அடைக்கோழி சரியாகத் தின்னாது, இளைக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் முட்டை மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது. அன்று இரவு அந்தப் பெட்டிக்குள் கையை விட்டேன். எடுத்தபோது முழங்கைவரை ஊர்ந்தது. இன்றுவரை அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. முந்தின இரவு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அந்தக் கோழி பிழைத்திருக்கும்.

அப்படியானால் இதனால் கோழி சாகுமா?

சாகும். ரத்தம் குடிக்கும் செள் ஆயிரக்கணக்கில் பெருகினால் ரத்தசோகை வந்து சாகும். குஞ்சுகளும் நகராமல் ஒரே இடத்தில் உட்காரும் அடைக்கோழியும்தான் முதல் பலி. பேன் மட்டும் இருந்தால் பெரிய கோழி சாவது அபூர்வம், ஆனால் நிம்மதியில்லாமல் மெலியும், முட்டை குறையும். ஒரு கோழிக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பேன் ஏறியிருந்தால் அதற்கு வேறு ஏதோ நோயும் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு முடியாத கோழி தன்னைக் கோதிக்கொள்ளாது, அதனால் பேன் பெருகும். அலகு வெட்டப்பட்ட கோழிக்கும் இதே கதிதான், ஏனென்றால் பூச்சியைப் பொறுக்கி எடுக்க அதற்குக் கூர் அலகு வேண்டும்.

மனிதருக்கு ஒட்டுமா?

கோழிப் பேன் மனிதர் மேல் வாழாது. செள் கடிக்கும், அரிக்கும், சிவந்து தடிக்கும், ஆனால் மனித உடம்பில் தங்கிப் பெருகாது. கூட்டைச் சுத்தம் செய்தபின் உடுப்பை உடனே துவைக்கப் போட்டுவிட்டுக் குளித்துவிடுங்கள்.

பேனுக்கு என்ன வைத்தியம்?

பேன் கோழி மேலேயே இருப்பதால் வைத்தியமும் கோழிக்கே. கோழியை விட்டுப் பிரிந்த பேன் ஒரு வாரம் தாண்டுவதே கடினம். பெர்மெத்ரின் தூள் அல்லது தெளிப்பு பலரும் பயன்படுத்துவது. கோழிக்கு என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள், அதில் சொன்ன அளவை மீறாதீர்கள். கோழியைப் பக்கவாட்டில் சாய்த்து எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் கழுத்தின் அடிப்பக்கத்திலும் இறகுக்கு எதிர்த்திசையில் விரலால் தேய்த்துத் தோல்வரை சேர்க்க வேண்டும். மேலோட்டமாகத் தூவினால் இறகில் நின்றுவிடும். கண், மூக்கு, அலகு பக்கம் வேண்டாம். திறந்த வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு பேராகச் செய்தால் சுலபம்.

ஒரு கோழிக்கு இருந்தால் எல்லாக் கோழிக்கும் போடுங்கள், சேவலையும் சேர்த்து. ஈர் கட்டி கட்டியாக இருக்கும் இறகுகளைக் கத்தரித்து எடுத்துவிட்டால் பாதி பாரம் குறையும். பிடுங்கக் கூடாது, வலிக்கும், தோலும் புண்ணாகும்.

பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் விஷம். மீன், தேனீ இவற்றுக்கும் அப்படித்தான். வீட்டில் பூனை இருந்தால் மருந்து போட்ட கோழி, டப்பா, தரை எல்லாவற்றையும் அதற்கு எட்டாமல் வையுங்கள்.

மருந்து போட்டேன், பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. மருந்து போலியா?

அநேகமாக மருந்து சரி, நாள் கணக்குதான் தவறு. பெரும்பாலான மருந்துகள் ஓடுகிற பேனைக் கொல்லும், ஈரைத் தொடாது. ஈர் நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பொரியும். பொரிந்தது வளர்ந்து மறுபடி ஈர் வைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. முதல் தடவை போட்ட 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் தடவை போட்டால், புதிதாகப் பொரிந்தவை முட்டையிடும் முன்பே சாகும். கடுமையாக இருந்தால் இன்னும் 7 முதல் 10 நாள் கழித்து மூன்றாம் தடவை. முதல் நாளே காலண்டரில் தேதியைக் குறித்துவிடுங்கள். கோழி சொறிவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் இரண்டாம் தடவையை மறந்துவிடுகிறார்கள்.

சரியாக இரண்டு தடவை போட்டும் அடங்கவில்லையா? அப்போது மூன்று காரணம் இருக்கலாம். கோழி மேல் போட்டீர்கள், ஆனால் உங்களிடம் இருப்பது கூட்டில் வாழும் சிவப்புச் செள். அல்லது காட்டுப் பறவையோ புதுக் கோழியோ திரும்பக் கொண்டுவருகிறது. அல்லது பூச்சிக்கு அந்த மருந்து பழகிவிட்டது. பெர்மெத்ரின் இனத்து மருந்துகளுக்குச் சிவப்புச் செள் பல இடங்களில் அசைவதில்லை. அப்போது அதையே கூடுதலாக அடிக்காமல் வேறு இன மருந்துக்கு மாறுங்கள். ஸ்பினோசாட் அப்படி ஒன்று.

இறகுச் செள்ளுக்கும் இதே முறைதானா?

ஆமாம், ஆனால் அவசரம் அதிகம். அது முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர ஒரு வாரம்கூட ஆகாது. அதனால் இரண்டாம் தடவையைப் பத்து நாள்வரை தள்ளாமல் 5 முதல் 7 நாளில் போடுங்கள், லேபிள் அதற்கு இடம் கொடுத்தால். இரவில்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம், பட்டப்பகலில் தெரியும். கோழியை விட்டு விழுந்தாலும் சில வாரம் உயிரோடு இருக்கும் என்பதால் முட்டையிடும் பெட்டியில் உள்ள கூளத்தையும் மாற்றிவிடுங்கள். சேவல்களுக்குத்தான் இது அதிகமாக ஏறும். சேவலைத் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

கூட்டில் இருக்கும் சிவப்புச் செள்ளை எப்படி ஒழிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும். ரத்தம் இல்லாமல் பல மாதம் இடுக்கில் காத்துக் கிடக்கும், எட்டு மாதம்வரைகூட. ஆகவே கூட்டைக் காலியாகப் போட்டுவைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

முதலில் கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். கூளம் முழுவதையும் வாரி எரியுங்கள், அல்லது கட்டி வெளியேற்றுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் குவித்து வைத்தால் இரவில் நடந்தே திரும்பி வரும். கம்பு, பெட்டி, கழற்ற முடிந்த பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். செள் இருப்பது நீங்கள் பார்க்கும் பரப்பில் இல்லை. ஆணித் துளை, பலகை இணைப்பு, மரத்தின் வெடிப்பு, கூரைத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட சந்து, இங்கெல்லாம்தான். அழுத்தமாகப் பீய்ச்சித் தண்ணீர் அடித்துக் கழுவி, அப்புறம் கொதிக்கும் நீரையோ நீராவியையோ அந்த இடுக்குகளுக்குள் செலுத்துங்கள். மருந்துக்குப் பழகிய செள்கூடச் சூட்டுக்குப் பழகாது. தீப்பந்தம் பிடிப்பது கல், சிமென்ட், இரும்புக்கு மட்டும். மரக்கூட்டில் வேண்டாம்.

காய்ந்தபின் கூட்டுக்கு உரிய மருந்தை இடுக்கு இடுக்காக அடியுங்கள். அது முழுக்கக் காய்ந்த பிறகே கோழியை உள்ளே விடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கழுவி, மறுபடி அடியுங்கள். வெயில் காலமாக இருந்தால் மூன்றாவது சுற்றும் தேவைப்படும்.

அப்புறம் கம்பைத் திரும்ப வைக்கும் விதத்தை மாற்றுங்கள். கம்பு சுவரைத் தொடாமல், தனிக் கால்களின் மேல் நிற்கட்டும். ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய சிறு கிண்ணத்தில் நிறுத்தினால் கோழியை எட்ட அதற்கு வழி இருக்காது. கோழி மிதிக்காத, எண்ணெய் காலில் படாத மாதிரி மறைத்து வைக்க வேண்டும். கம்பின் முனைகளில் சமையல் எண்ணெயைத் தடவி வைப்பதும் உதவும். இந்த ஒரு மாற்றம் எந்த மருந்தைவிடவும் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

பொறியும் வைக்கலாம். பெட்டி செய்யும் நெளி அட்டையைச் சுருட்டிக் கம்பின் அடியில் கட்டிவிடுங்கள். இரவில் குடித்துவிட்டுத் திரும்பும் செள் அந்த நெளிவுக்குள் ஒளியும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை எடுத்து எரித்துவிட்டுப் புது அட்டை கட்டுங்கள். எண்ணிக்கை குறைகிறதா கூடுகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கால் செதில் தூக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் தடவலாமா?

தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, துடைத்து, வாசலினைச் செதில்களுக்கு இடையில் போகும்படி கெட்டியாகத் தடவுங்கள். உள்ளே காற்று இல்லாமல் செள் சாகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வந்து புண்ணாகும். செள் செத்தாலும் செதில் உடனே படியாது, பழைய செதில் உதிர்ந்து புதிது வரும்வரை கால் அப்படியே தெரியும். நொண்டும் அளவுக்குப் போயிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐவர்மெக்டின் கொடுக்கலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து இருக்கிறதே?

ஐவர்மெக்டின் கால் செள்ளுக்கு வேலை செய்யும். ஆனால் பல நாடுகளில் அது முட்டைக்கோழிக்கு என்று அனுமதி பெற்ற மருந்து இல்லை. மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்லி, எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னால்தான் கொடுக்க வேண்டும். பேனுக்கும் கூட்டில் வாழும் செள்ளுக்கும் அதை நம்பி இருப்பது சரியில்லை.

நாய் மருந்து வேண்டவே வேண்டாம். நாய், பூனை உண்ணி மருந்துகள் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில். முட்டையிடும் கோழிக்கு அதைப் போட்டால் முட்டைக்குள் போகும். 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சிவப்புச் செள் ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டு முட்டையைச் சோதித்துச் சொல்ல யாரும் வரப்போவதில்லை. அதைச் சாப்பிடுவது உங்கள் பிள்ளைகள்.

குடிநீரில் கலக்கும் ஃப்ளூரலேனர் என்ற மருந்து, முட்டைக்கோழிகளுக்கென்றே 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. 7 நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுப்பார்கள். ரத்தம் குடிக்கும் செள் அந்த ரத்தத்தாலேயே சாகும். உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கூட்டைப் பிரித்துக் கழுவ முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

சாம்பல், வேப்பெண்ணெய், பூண்டு, இதெல்லாம்?

சாம்பல் மண் குளியலில் கலக்க நல்லது. வேப்பெண்ணெய்க்குச் செள் மேல் ஓரளவு வேகம் உண்டு, கூட்டு இடுக்கில் அடிக்கலாம், ஆனால் அடிக்கடி அடிக்க வேண்டும். பூண்டைத் தீனியில் போட்டு ஏற்கெனவே ஏறிய தொல்லையை இறக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். டயட்டம் மண் என்கிற வெள்ளைப் பொடி பூச்சியின் மேல்தோலை உராய்ந்து, ஈரத்தை உறிஞ்சிக் கொல்லும். காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும், அதுவும் மெதுவாக. அந்தத் தூசு கோழிக்கும் உங்களுக்கும் நுரையீரலுக்குக் கெடுதல், மூடிய கூட்டில் புழுதி பறக்கத் தூவாதீர்கள்.

கந்தகத் தூளைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மண் குளியலில் கொஞ்சம் கலந்து வைத்தால் பேனும் இறகுச் செள்ளும் நன்றாகக் குறையும். கண் எரிச்சல் தரும் என்பதால் அளவாக.

மண் குளியலுக்கு இடம் எப்படி அமைப்பது?

மழை நனைக்காத இடம், ஒரு கோழி முழுதாகப் புரளும் அகலம், ஒரு சாண் ஆழம். காய்ந்த பொடி மண்ணும் மணலும், கூடச் சாம்பல். ஈரமானால் மாற்றிவிடுங்கள். கோழி தானே செய்துகொள்ளும் வைத்தியம் இது. கூண்டிலேயே அடைபட்டு இது கிடைக்காத கோழிக்குத்தான் பேன் அதிகம்.

அடைக்கோழிக்கும் குஞ்சுக்கும் மருந்து போடலாமா?

அடை வைக்கும் முன்பே கோழியைப் பரிசோதித்து, பெட்டியைக் கழுவி, புதுக் கூளம் போட்டுவிடுங்கள். நடுவில் தெரிந்தால் கோழியை எழுப்பி, முட்டைகளை வேறு சுத்தமான பெட்டிக்கு மாற்றி, பழைய கூளத்தை அப்புறப்படுத்துங்கள். ஐந்து பத்து நிமிடம் முட்டை ஆறினால் ஒன்றும் ஆகாது. சின்னக் குஞ்சுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம். ரத்தசோகையில் தலை தொங்கும் கோழியைக் குளிப்பாட்டவும் வேண்டாம். பூச்சி இல்லாத இடத்துக்கு மாற்றி, தண்ணீரும் சத்தான தீனியும் வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எங்கிருந்துதான் வருகிறது?

புதுக் கோழி, இரவல் வாங்கிய கூடை, பழைய முட்டை அட்டை, கூரையில் கூடு கட்டிய குருவி, இன்னொருவர் பண்ணைக்குப் போய்வந்த உங்கள் செருப்பு. புதிதாக வந்த கோழியை மூன்று நாலு வாரம் தனியாக வைத்து, வந்த அன்றும் பத்து நாள் கழித்தும் பாருங்கள். பழைய மரக்கூடு இலவசமாகக் கிடைத்தால் முதலில் அதன் இடுக்கில் கத்தி முனையை விட்டுக் கிளறிப் பாருங்கள்.

பெரிதாக, பட்டாணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது?

உண்ணி. கோழி உண்ணியின் குஞ்சுகள் சில நாள் தோலில் ஒட்டியிருக்கும். வளர்ந்தவை சிவப்புச் செள் மாதிரியே இடுக்கில் ஒளிந்து இரவில் வரும், அதைவிட நீண்ட காலம் பட்டினி கிடக்கும், காய்ச்சல் நோயையும் பரப்பும். கூட்டு வைத்தியம் மேலே சொன்னதுதான்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

வெயில் காலத்தில் வாரம் ஒரு தடவை, குளிரில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எல்லாக் கோழியையும் பிடிக்க முடியாவிட்டால் இரண்டு மூன்றைப் பிடியுங்கள், அதில் ஒன்று சேவலாக இருக்கட்டும். மாதம் ஒரு நாள் இரவில் வெள்ளைத் துணியோடும் டார்ச்சோடும் கூட்டுக்குப் போய்வாருங்கள். கம்பைத் துடைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.